வலது ஓரத்தில் நிற்பவர்

மார்ச் 6

அன்புள்ள மருமகள் குருவிக்கு,

உன் மாமா சொல்லச் சொல்ல மாடி வீட்டம்மா எழுதும் கடிதம். இங்கே என் இரண்டு முட்டிகளைத் தவிர மற்ற எல்லாம் சுகம். அங்கே நீ, மாப்பிள்ளை, பிள்ளைகள் எப்படி இருக்கிறீர்கள்? உன் இருமல் விட்டதா?

நீ அனுப்பிய படம் வந்தது. எந்த வருஷம் என்று கேட்டிருக்கிறாய். வருஷத்தின் நம்பர் எனக்கு நிற்காது, மற்றதெல்லாம் நிற்கும். பட்டப்பகலில் சூரியன் மறைந்து, பொழுது சாய்ந்துவிட்டது என்று கோழிகள் கூண்டுக்குள் போனதே, அந்த வருஷம். உன் அம்மாவுக்குக் கல்யாணம் ஆன வருஷம். நீ அப்போது யோசனையிலேயே இல்லை. வெள்ளத்தில் ஆற்றுப் பாலம் இரண்டாக முறிந்து, அக்கரைக்குப் போகும் ரயில் எட்டு மாதம் நின்றதும் அந்த வருஷம்தான். ரயில் நின்றதால்தான் நீ இப்போது வேலை பார்க்கும் விமானக் கம்பெனியே பிறந்தது. ஒரே ஒரு பழைய விமானம், இரண்டு இன்ஜின், வாலுக்கடியில் ஒரு குட்டிச் சக்கரம். நிற்கும்போது மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு யாரையும் மதிக்காத மாதிரி நிற்கும்.

படம் முதல் நாள் எடுத்தது. இடமிருந்து சொல்கிறேன். முதலில் விமானி. அவரைப் பாட்டுக்காரர் என்போம். கிளம்பும்போது பாடுவார், இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியம். சட்டையில் இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு நிறம், பார். பின்னால் பெரிய ஜெட் எல்லாம் ஓட்டி ஓய்வு பெற்றார். வீட்டில் உட்கார முடியாமல் பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போனார். பிள்ளைகள் ஏறியதும் ‘பெல்ட் போட்டாச்சா’ என்று கேட்பாராம்.

அடுத்தவர் மெக்கானிக், ஸ்க்ரூ. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர், தலைமை இன்ஜினியராக முடித்தார். திருப்புளியின் முனையை இன்ஜினில் வைப்பார், பிடியைக் காதில் வைப்பார், நோயைச் சொல்லிவிடுவார். ஆஸ்பத்திரியில் கடைசிப் படுக்கையில் கிடக்கும்போது கண்ணைத் திறந்து மின்விசிறியைப் பார்த்து, "பேரிங் போச்சு" என்றார். அப்புறம் பேசவில்லை.

மூன்றாவது பணிப்பெண் மிட்டாய், நாலாவது ரேடியோக்காரர் ஹலோ. காது அடைக்காமல் இருக்க அந்தப் பெண் பெப்பர்மிண்ட் கொடுத்துக்கொண்டே வரும். ஹலோ அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, நேரில் கேட்க வாய் வராமல், விமானம் மேலே இருக்கும்போது ரேடியோவில் கேட்டுவிட்டார். பாட்டுக்காரர்தான் பதில் சொன்னார்: "செய்தி கிடைத்தது. பதில் தரை இறங்கிய பிறகு." இறங்கியதும் சரி என்றாள். பிற்பாடு நானூறு பெண்களுக்குப் பயிற்சி கொடுத்த பள்ளிக்கூடத்தை நடத்தியவள் அவள்தான்.

ஐந்தாவது, சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு இருப்பது உன் மாமா. சக்கரத்துக்குக் கட்டை வைப்பதும் சாமான் ஏற்றுவதும் என் வேலை. அதனால் எனக்குக் ‘கட்டை’ என்று பெயர்.

உன் இருமலுக்கு வருகிறேன். காலையில் எழுந்ததும் வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டையை அலசு. குளிர்ந்த தண்ணீரைத் தொடாதே. தலையணையை ஒரு சாண் உயர்த்திப் படு. ஜன்னலுக்கு நேராகப் படுக்காதே. கழுத்தில் பருத்தித் துணி சுற்று, கம்பளி வேண்டாம், அரிக்கும். ஆவி பிடிக்கும்போது கண்ணை மூடிக்கொள். பேச்சைக் குறை. இருமல் மருந்தைப் பார்க்காமல் கரண்டியில் ஊற்றாதே. பத்து நாளில் நிற்காவிட்டால் டாக்டரிடம் போ.

போனில் பேசலாமே என்று கேட்காதே. முப்பத்தோரு வருஷம் இன்ஜின் பக்கத்தில் நின்ற காது. ஆள் அருகில் உட்கார்ந்து கத்தினால் இடது காதில் விழும். போனில் கொசு பாடுகிற மாதிரிதான் இருக்கும். எழுதிக்கொண்டே இரு.

உன் மாமா

ஏப்ரல் 2

அன்புள்ள மாமாவுக்கு,

வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உங்கள் முட்டிகள் இரண்டும் எப்படி என்று தனித்தனியாக எழுதுங்கள். என் இருமல் ஓடிவிட்டது. அரைப் பக்கம் வைத்தியத்தைப் பார்த்துப் பயந்து ஓடியிருக்கும்! உங்களுக்கு வைத்தியம் தெரியும் என்று அம்மாகூடச் சொன்னதில்லை.

ஹலோ கதையைப் பதிவறையில் சத்தமாகப் படித்தேன். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படத்துக்குக் கீழே அந்தக் காலத்துப் பட்டப்பெயர்களையே போடலாம் என்று கம்பெனி வரலாற்றுப் புத்தகக் குழு ஒப்புக்கொண்டது.

ஆனால் மாமா, படத்தில் ஆறு பேர். நீங்கள் ஐந்து பேரைத்தான் சொன்னீர்கள். வலது ஓரத்தில், கையில் தாள் செருகிய பலகையோடு, சிரிக்காமல் நிற்கிற பெண் யார்? மற்ற ஐந்து பேருக்கும் இங்கே கோப்பு இருக்கிறது, அவருக்கு இல்லை. ஆள் யாரென்று தெரியாவிட்டால் அந்த ஓரத்தை வெட்டிவிட்டுப் போடலாம் என்று குழுத் தலைவர் சொல்கிறார். ஆகஸ்ட் முடிவதற்குள் அச்சுக்குப் போக வேண்டும்.

இன்னொரு சந்தோஷம். செப்டம்பரில் ஐம்பதாம் ஆண்டு விழா. முதல் விமானத்துக்குச் சாமான் ஏற்றியவர் என்று உங்களை மேடைக்குக் கூப்பிடப்போகிறார்கள். கோட்டுக்கு அளவு அனுப்புங்கள்.

அன்புடன்,
குருவி

மே 4

அன்புள்ள மருமகள் குருவிக்கு,

மாடி வீட்டம்மா உன் கடிதத்தைப் படித்துக் காட்டினார்கள். வலது முட்டி காலையில் வலிக்கிறது, இடது முட்டி சாயங்காலம். முறை வைத்துக்கொண்டு வேலை பார்க்கின்றன. உங்கள் எல்லோருடைய சுகமும் தெரிந்து நிம்மதி.

கோட்டெல்லாம் வேண்டாம். நான் சொன்னதை எல்லாம் படித்த பிறகும் நீ ‘அன்புள்ள மாமா’ என்றுதான் ஆரம்பித்திருக்கிறாய். அதைவிடப் பெரிய கோட்டு எனக்கு எதற்கு?

உன் புத்தகத்துக்கு ஒன்று சொல்கிறேன். அந்த விமானத்தில் சாமான் வைக்க இரண்டு அறை, மூக்குப் பக்கம் ஒன்று, வால் பக்கம் ஒன்று. எதை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் விமானம் ஒழுங்காகப் பறக்கும். அதனால் முதல் மூன்று வருஷம் பெட்டிகளை மட்டும் அல்ல, ஆட்களையும் நிறுத்துப் பார்ப்பார்கள். கனமானவர்களை நடுவில் உட்கார வைக்க வேண்டும். ஒரு மர வியாபாரி எடை குறையட்டும் என்று எடை மேடையில் ஏறிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சுவரும் கூட வருதா?" என்று கேட்டதும் கையை எடுத்தார். ஒரு அம்மா ஏறவே மாட்டேன் என்றார். "கட்டினவருக்கே சொல்லாததை உங்களுக்குச் சொல்லணுமா?" எடை பார்க்கும் இடத்திலிருந்து பதில் வந்தது: "எனக்குச் சொல்ல வேணாம்மா, மேடைக்கு மட்டும் சொல்லுங்க. அது யார்கிட்டயும் பேசாது." ஏறிவிட்டார். எடையைத் துண்டுத் தாளில் எழுதி, நாலாக மடித்து, விமானிக்கு மட்டும் கொடுப்பது வழக்கம்.

உன் வீட்டுச் சுவரில் ஈரம் ஏறினால் முதலில் வெளிப்பக்கம் பார். தண்ணீர்க் குழாய் கசிகிறதா என்று பார். உள்பக்கம் மட்டும் பூசினால் மறுபடி உரியும். மழைக்கு முன்னால் பூசக் கூடாது, வெயிலில் மூன்று நாள் காய விட வேண்டும். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதே.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் மாமா

மே 29

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலமாக இருக்கிறோம். எங்கள் வீட்டுச் சுவரில் ஈரமே இல்லை, மாமா. யாரைக் கேட்டு ஈரத்தை அனுப்பினீர்கள்?

எடை பார்க்கும் இடம் எப்படிப் பேசும்? அங்கே ஓர் ஆள் இருந்திருக்க வேண்டுமே. பலகையோடு நிற்கிற பெண்தானே அவர்? போன கடிதத்தில் கேட்டேன், நீங்கள் பதில் எழுதவில்லை. அதனால் நானே தேடினேன். மூன்றாம் வருஷத்து மூட்டையில் ஒரு குறிப்பு கிடைத்தது. மழை நாளில், மூக்குப் பக்க அறையில் இருக்க வேண்டிய ஆறு பெட்டிகள் வால் பக்க அறையில் இருந்ததாகவும், விமானம் கிளம்பியதும் வால் கனத்துத் தடுமாறி, திரும்பி வந்து இறங்கியதாகவும் இருக்கிறது. ‘எடை எழுத்தரின் கவனக்குறைவு. உடனடி நீக்கம்.’ அவ்வளவுதான். அவருடைய கோப்பு இல்லாததற்கும் இதுதான் காரணமாக இருக்கும்.

புத்தகத்தில் அந்த அத்தியாயத்தை எழுதுகிறவர், ‘ஒரு பெண் ஊழியரின் கவனக்குறைவால் கம்பெனி கவிழப் பார்த்தது’ என்று எழுதியிருக்கிறார். அதைத் தட்டச்சு செய்ய வேண்டியது நான். கை போகவில்லை. ஐம்பது வருஷத்துக்கு அப்புறம் ஒருவரை ஒரே வரியில் முடித்துவிடலாமா? இரண்டாவது தடவையாகக் கேட்கிறேன். அவர் யார்? அன்றைக்கு என்ன நடந்தது?

அன்புடன்,
குருவி

ஜூலை 15

குருவிக்கு,

இங்கே நலம்.

வலது ஓரத்தில் நிற்கும் பெண்ணை எனக்கு நினைவில்லை. அலுவலகத்து ஆள் யாராவது இருக்கலாம். ஓரத்தை வெட்டிவிட்டால் படத்துக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நீ வீணாகச் சிரமப்பட வேண்டாம். விழாவுக்கு வர மாமா சம்மதம்.

மாடி வீட்டம்மாவுக்குக் கண் அறுவை. மூன்று வாரம் கடிதம் இருக்காது.

மாமா

ஜூலை 24

அன்புள்ள மாமாவுக்கு,

ஒன்றரை மாதம் கழித்து ஆறு வரியில் ஒரு கடிதம் வந்தது. அதில் என் சுகத்தைக்கூடக் கேட்கவில்லை. பயந்துபோனேன். உடம்புக்கு ஏதாவதா? என் மேல் கோபமா?

பாட்டுக்காரர் சட்டையின் இரண்டாவது பொத்தான் வேறு நிறம் என்று ஐம்பது வருஷம் கழித்தும் நினைவிருக்கிறவர் நீங்கள். உங்கள் பக்கத்திலேயே நின்று படம் எடுத்துக்கொண்டவரை நினைவில்லை என்றால் நான் எப்படி நம்புவது? சொல்ல இஷ்டமில்லை என்றால் இஷ்டமில்லை என்று சொல்லுங்கள் மாமா, ஏற்றுக்கொள்கிறேன். மறந்துவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். வலது ஓரத்தில் நிற்கும் பெண் யார்? அச்சகத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது.

மாடி வீட்டம்மாவுக்குக் கண் சீக்கிரம் தேற வேண்டும் என்று சொல்லுங்கள்.

குருவி

ஆகஸ்ட் 5

அன்புள்ள மருமகள் குருவிக்கு,

இதை எழுதுவது கீழ்த்தெரு மருந்துக்கடைக்காரர். டாக்டர்கள் கையெழுத்தையே படித்துப் பழகிய கை, பார்த்துப் படிக்கவும் என்று தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்துக்கொள்கிறார். உடம்பு சுகம்தான். மனசுதான் நேற்றிலிருந்து தலைகீழாக நிற்கிறது. நீ நன்றாக இருக்கிறாயா?

உன் கடிதம் வந்தபோது மாடி வீட்டம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அதனால் கடைக்கு எடுத்துப் போனேன். என் காதுக்காக இவர் கத்திப் படித்ததில் கடைக்கு வந்திருந்த நாலு பேருக்கும் நம் குடும்ப விஷயம் தெரிந்துபோனது. தலைவலி மாத்திரைக்கு வந்தவர் ஒருவர், முடிவு தெரியாமல் போக மாட்டேன் என்று முக்காலியில் உட்கார்ந்தே விட்டார்.

"மூணாவது தடவையா கேக்குறாங்க, பெரியவரே. ஓரத்துல நிக்கிற பொம்பளை யாருன்னு."

"மூணாவதா? முதல் கடிதத்துலயே சொன்னேனே!"

"மறந்துபோச்சுன்னு நீங்க சொன்னதா எழுதியிருக்கே."

வீட்டுக்குப் போய் உன் பழைய கடிதங்களையும் எடுத்து வந்தேன். எல்லாவற்றையும் படிக்க வைத்தேன். அந்த ஓரத்து ஆளைப் பற்றி நீ கேட்ட ஒரு கேள்விகூட என் காதுக்கு வந்ததில்லை. மாடி வீட்டம்மா அதை எல்லாம் தாண்டித் தாண்டிப் படித்திருக்கிறார். இருமல் வைத்தியம் அரைப் பக்கம் என்றாயே, நான் எங்கே வைத்தியம் சொன்னேன்? அந்த இடத்தில் நான் சொன்னது என் தப்பை. நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், அவர் பேனா ஓடிக்கொண்டே இருந்தது, எழுதுகிறார் என்று நினைத்தேன். சுவர் ஈரமும் அதே கதைதான். படிக்கத் தெரியாதவனை எவ்வளவு சுலபமாக ஏமாற்றிவிட்டார், பார். மருந்துக்கடைக்காரர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

இப்போது முழுதாகச் சொல்கிறேன்.

ஓரத்தில் நிற்பவரைத் தராசு என்போம். எடை எழுத்தர். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது கம்பெனியில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் மேலாளரிடம் போய், "பெட்டிக்கு அட்டையோட துணியும் கட்டலாம் சார், தூரத்துல இருந்தே தெரியும்" என்றார். சிவப்புத் துணி என்றால் மூக்குப் பக்கம், வெள்ளை என்றால் வால் பக்கம். எல்லோருக்கும் வசதி என்றார்கள். எனக்காகச் செய்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

மூன்றாம் வருஷம் ஒரு மழை நாள். இரும்புச் சாமான் ஆறு பெட்டி, மற்ற பெட்டிகளோடு நனைந்துகொண்டே வண்டியில் வந்தது. சிவப்புத் துணியில் சாயம் போய்ப் பக்கத்து வெள்ளையில் ஏறி, எல்லாத் துணியும் ஒரே ரோஸ் நிறம். அட்டையில் பெரிய எழுத்தில் எழுதித்தான் இருந்தது. யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால், "கண்ணு முன்னாடி எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா?" என்பான் மேற்பார்வையாளன். உன் அத்தைக்கு அப்போது ஏழாம் மாதம். வேலை போய்விடும் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டு, குத்துமதிப்பாக ஆறையும் வாலில் ஏற்றினேன்.

விமானம் கிளம்பியது. மூக்கு மேலே போனது, போய்க்கொண்டே இருந்தது. பாட்டுக்காரர் அன்றைக்குப் பாடவில்லை. கைப்பிடியை இரண்டு கையாலும் முட்டியாலும் தள்ளிப் பிடித்திருக்கிறார். மிட்டாய்க்கு விஷயம் புரிந்துவிட்டது. "எல்லாரும் எழுந்து முன்னாடி வாங்க, முன்னாடி வர்றவங்களுக்குத்தான் மிட்டாய்" என்று பயணிகளை எல்லாம் விமானியின் கதவு வரை கொண்டுபோய் அடைத்தாளாம். அப்புறம்தான் மூக்கு இறங்கியது. சுற்றி வந்து இறங்கினார்கள். வால் சக்கரம் உடைந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. நான் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மழையில் நின்றிருந்தேன். கட்டையைச் சக்கரத்துக்கு வைக்க மறந்து மார்போடு அணைத்துக்கொண்டிருந்தேன் என்று ஸ்க்ரூ பின்னால் சொன்னார்.

விசாரணை மேலாளர் அறையில். நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் தராசம்மா என் காலை மிதித்தார். கட்டைவிரல் நகம் இன்றைக்கும் கோணல். "நான்தான் பின்னாடி வைக்கச் சொன்னேன் சார். தாள்ல தப்பா எழுதிட்டேன்" என்றார். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். குருவி, நாற்பத்தேழு வருஷம் மூடியிருந்தேன். அந்த ஏழாம் மாதப் பிள்ளைக்கே இப்போது தலை நரைத்துவிட்டது.

அவர் துறைமுகத்தில் வேலைக்குப் போனார். கப்பலில் எந்தப் பாரம் எந்தப் பக்கம் என்று பார்க்கும் வேலை. இருபத்தெட்டு வருஷம். "தராசம்மா பார்த்தாச்சா?" என்று கேட்காமல் எந்தக் கப்பலும் நங்கூரம் எடுக்காதாம். உன் அத்தை போன பிறகு நான் தனியாகக் கிடந்தபோது, "என் வீட்டுக்குக் கீழ ஒரு அறை காலியா இருக்கு, வா" என்று சொல்லி அனுப்பினார். பதினோரு வருஷமாக அந்த மாடியில் அவர், கீழே நான். உனக்குக் கடிதம் எழுதும் மாடி வீட்டம்மாவும் தராசம்மாவும் ஒரே ஆள்தான்.

மேடை வேண்டாம். அந்த வரியை மாற்று. அவர் ஓரத்தை வெட்டாதே.

மாத்திரைக்காரர் இப்போதுதான் எழுந்து போகிறார். தலைவலி போய்விட்டதாம்.

உன் மாமா

ஆகஸ்ட் 11

அன்புள்ள தராசம்மாவுக்கு,

கண் எப்படி இருக்கிறது? ஒற்றைக் கண்ணால் படிக்க வசதியாக இருக்கட்டும் என்று பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

மாமாவின் கடிதம் கிடைத்த அன்று பதிவறையில் இரண்டாம் வருஷத்து எடைத் தாள்களை எடுத்து, மாமாவின் பெயரில் வந்த கடிதங்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதே சாய்வு, அதே அழுத்தம். குழுத் தலைவரும் பார்த்தார். மாமா சொன்னதோடு உங்கள் கையால் ஒரு ஒப்புதலும், படத்துக்குக் கீழே வர வேண்டிய வாசகமும் வந்தால் அந்த வரியை எடுத்துவிட்டு நடந்ததைப் போடுகிறோம் என்கிறார். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதிக்குள் வர வேண்டும். அப்படிப் போட்டால் மாமாவை மேடைக்குக் கூப்பிடுவார்களா என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. மாமாவுக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

பதினோரு வருஷமாக மாமாவைப் பார்த்துக்கொள்கிறீர்கள். உங்களை ‘அத்தை’ என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்வீர்களா?

அன்புடன்,
குருவி

ஆகஸ்ட் 19

அன்புள்ள குருவிக்கு,

ஒரு கண் கட்டுப் பிரித்தாயிற்று. நீ பெரிய எழுத்தில் எழுத வேண்டிய அவசியம் இல்லை. உன் அற்பப் பிழைகள் எல்லாம் பெரிதாகத் தெரிகின்றன. நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

செய்ததை ஒப்புக்கொள்கிறேன். உன் மாமா சொன்னதை எழுதாமல் விட்டேன், நீ கேட்டதைப் படிக்காமல் விட்டேன், சொல்லாததை அவர் பெயரில் எழுதினேன். மறந்துவிட்டது என்று எழுதியதற்குத்தான் வெட்கப்படுகிறேன். அந்த மனிதருக்கு மறதியா! இருமல் வைத்தியம் மட்டும் நல்லது, செய்து பார்.

ஏன் என்று கேட்பாய். நாற்பத்தேழு வருஷம் கட்டிக் காத்ததை என் கையாலேயே எப்படி அவிழ்ப்பது? அதோடு, உன் மாமாவுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அந்தச் சிவப்புத் துணி வாங்கியது நான். கடைக்காரன் இரண்டு தினுசு காட்டினான். விலை குறைந்ததை எடுத்தேன். தண்ணீரில் நனைத்துச் சாயம் நிற்கிறதா என்று பார்க்கவில்லை. துணி வாங்குகிற எந்தப் பெண்ணும் பார்ப்பாள், நான் பார்க்கவில்லை. கவனக்குறைவு என்று அவர்கள் எழுதியது எனக்குப் பொருந்தும். உன் மாமா என்னைத் தியாகி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் என் துணிக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

நான் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆகாயத்தில் விட்டதைக் கடலில் பிடித்தேன். ஒரு கப்பல்கூட என் காலத்தில் சாயவில்லை. அவர் மேடை ஏறட்டும். படிக்கத் தெரியாத ஒருவர் ஒரு விமானத்தின் அத்தனை பாரத்தையும் முப்பத்தோரு வருஷம் நினைவிலேயே வைத்திருந்தார் என்று எழுது. அந்த ஒரு நாளை விட்டுவிடு. ஓரத்தை வெட்டு. என் பெயரை என் கையால் எழுத மாட்டேன்.

அத்தை என்பதெல்லாம் என்ன பேச்சு. அந்த வயசைத் தாண்டி வந்தாயிற்று. ஆனால் கூப்பிடுகிறவர் வாயை நான் பொத்த முடியாது.

இப்படிக்கு,
மாடி வீட்டில் இருப்பவள்

ஆகஸ்ட் 24

அன்புள்ள மருமகள் குருவிக்கு,

எழுதுவது தராசம்மா. பக்கத்தில் மருந்துக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு வரியையும் என் காதில் திருப்பிப் படிக்க வேண்டியது அவர் பொறுப்பு. இனிமேல் இந்த வீட்டிலிருந்து கிளம்பும் கடிதத்துக்கெல்லாம் இப்படித்தான் எடை பார்க்கப்படும். நான் சுகம். முட்டிகள்கூட இன்றைக்குச் சண்டை போடவில்லை. நீ, மாப்பிள்ளை, பிள்ளைகள் நன்றாக இருங்கள்.

காலையில் இருந்து இங்கே பெரிய பஞ்சாயத்து. உனக்கு எழுதின துணி விஷயத்தை என்னிடமும் சொன்னார். சொல்லிவிட்டு, "இப்பவாவது தெரிஞ்சுக்கோ கட்டை, தப்பு என்னோடதுதான்" என்றார்.

நான் சொன்னேன்: "சாயம் போனது உங்க துணி. வாய் திறக்காதது என் வாய். பாதிப் பாதின்னு வச்சுக்குவோம். நீங்க மட்டும் எதுக்கு ரெண்டு பாதியையும் தூக்கிட்டுப் போனீங்க?"

"உன் பொண்டாட்டி ஏழு மாசம்."

"புள்ளைக்கு நாப்பத்தேழு வயசாச்சு தராசம்மா. இன்னும் ஏழு மாசம்னே சொல்லிக்கிட்டு இருந்தா எப்படி?"

மருந்துக்கடைக்காரர் சிரித்துவிட்டார். இவர் சிரிக்கவில்லை. படத்திலும் சிரிக்கவில்லை, பார்த்தாயே.

அப்புறம் நான் இத்தனை வருஷம் சொல்லாததைச் சொன்னேன். "அன்னைக்கு நீங்க என் காலை மிதிச்சீங்க. அதுலருந்து எந்தப் பெட்டியத் தூக்கினாலும், முன்னாடி வைக்கும்போதும் பின்னாடி வைக்கும்போதும், கூட ஒரு பெட்டி கையில இருக்கிற மாதிரியே இருந்துச்சு. எந்த அறையில வைக்கிறதுன்னு தெரியல. முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு வாங்கினேன், அதை மட்டும் இறக்கி வைக்க முடியல. என் தப்பு அது. என்கிட்டக் குடுத்துடுங்க. தராசுன்னு பேர் வாங்கினவங்க, ஒரு பக்கமே சாஞ்சு நிக்கலாமா?"

தராசம்மா மூடிய கண்ணையும் திறந்த கண்ணையும் ஒரே துண்டால் துடைத்தார். "கண்ணுக்கு மருந்து போட்ட எரிச்சல்" என்றார். மருந்துக்கடைக்காரர் கையில் மருந்துப் புட்டி இருந்தது, இன்னும் மூடி திறக்கவில்லை. அவர் நல்ல மனிதர், வாயைத் திறக்கவில்லை.

"சரி, சொல்லு" என்று பேனாவை எடுத்தார்.

குருவி, எங்கள் இருவர் ஒப்புதலும் இந்தத் தாளில் இருக்கிறது. கீழே என் கைநாட்டு, பக்கத்தில் அவர் கையெழுத்து. நடந்ததை நடந்தபடி போடு. மேடைக்குக் கூப்பிட்டால் இரண்டு பேரையும் கூப்பிடட்டும், இல்லாவிட்டால் இரண்டு பேரும் இங்கேயே உட்கார்ந்து விமானம் போவதை அண்ணாந்து பார்த்துக்கொள்கிறோம். எனக்குச் சத்தம் கேட்காது, எடை இவர் சொல்வார்.

படத்துக்குக் கீழே போட வேண்டியதை இடமிருந்து சொல்கிறேன். மருந்துக்கடைக்காரர் படித்துச் சரி பார்த்தாயிற்று. இருமல் வைத்தியம் எதுவும் உள்ளே இல்லை.

பாட்டுக்காரர், விமானி. போய்விட்டார்.
ஸ்க்ரூ, மெக்கானிக். போய்விட்டார்.
மிட்டாய், பணிப்பெண். போய்விட்டார்.
ஹலோ, ரேடியோக்காரர். மிட்டாய் போன நாலாம் மாதம் பின்னாலேயே போய்விட்டார்.
கட்டை, சாமான் ஏற்றியவர். இருக்கிறேன்.

வலது ஓரத்தில், கையில் பலகையோடு, முதல் விமானத்தின் எடை பார்த்தவர், நாங்கள் ஆறு பேரில் என்னைத் தவிர உயிரோடு இருக்கும் ஒரே ஆள், இந்த வரியைத் தன் கையாலேயே எழுதுகிறவர்: தராசு.